பதிவேட்டில் இல்லாத அக்கா

கத்தோலிக்கச் சாமியார் ஆவதற்காகக் குருமடத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு, குருப்பட்டம் வாங்காமல் திரும்பி வந்தவன் நான். ஏன் வந்தாய் என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. "எனக்கு ஒத்துவரல, அவ்வளவுதான்" என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையும் அதுதான். யாரும் நம்பவில்லை. ஏதோ பெண் விவகாரம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். மேலிடத்தில் சண்டை போட்டுத் துரத்திவிட்டார்கள் என்றார்கள் சிலர். அம்மாவே ஒரு மத்தியானம் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நோட்டாக உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் ஏதாவது விழும் என்று நினைத்திருக்க வேண்டும். நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும், "பூச்சி அரிச்சிருக்கான்னு பாத்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அரியலூர்ப் பக்கமே இருக்கப் பிடிக்கவில்லை. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வாத்தியாராகச் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் குடியேறினேன். சனி, ஞாயிறுகளில் மட்டும் ஊருக்குப் போய் அம்மாவையும் தங்கச்சியையும் பார்த்துவிட்டு வருவேன். அப்பா தவறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது.

குருமடத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து லத்தீன். அது பெரம்பலூரில் எதற்கு உதவும் என்று கேட்டால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. ஆனால் உதவியது. இணையத்தில் மொழிபெயர்ப்பு வேலை கொடுக்கும் ஒரு தளத்தில் என் பெயரைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் பெல்ஜியத்திலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். தன் வட்டாரத்தை எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் ஆண்ட பிரபுக் குடும்பங்களில் யார் யாரை மணந்தார்கள், யாருக்கு யார் பிள்ளை என்று வரைபடம் போடுவது அவருடைய பொழுதுபோக்கு. பழைய சாசனங்களை அச்சடித்த புத்தகங்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார். நான் பள்ளிக்குப் போவதற்கு முன், காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, உறவு முறையையும் குறித்து அனுப்புவேன்.

ஆரம்பத்தில் அது வெறும் மொழிபெயர்ப்பாகத்தான் இருந்தது. போகப் போக என் புத்தி மாறியது. அந்தச் சாசனங்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது என்று அந்த அம்மாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மடத்துக்கு நிலம் எழுதி வைத்தால், பின்னால் பிள்ளைகள் வழக்குப் போடாமல் இருக்க அத்தனை பிள்ளைகளின் சம்மதத்தையும் பெயர் சொல்லி எழுதுவார்கள். நேற்று இருந்த மகன் இன்று இல்லை என்றால் செத்தானா, சண்டையா என்று பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் மகளுக்கும் பதினோரு வயதுதான் வித்தியாசம் வருகிறது என்றால் அந்த மகளைப் பெற்ற முந்தைய மனைவி ஒருத்தி எழுத்தில் மறைந்துபோயிருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடப் பழகினேன்.

என் அறைச் சுவர் முழுவதும் காகிதங்களை ஒட்டி, பெயர்களைக் கோடுகளால் இணைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது? ஷேர் மார்க்கெட்டா?"

"இல்லீங்க. செத்துப்போன வெள்ளைக்காரங்களோட குடும்பம்."

"அவங்க குடும்பம் உங்களுக்கு எதுக்கு சார்?"

நான் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மறுநாள் காலையில் வந்து ஆதார் ஜெராக்ஸ் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வருடம் மழைக்காலத்தில் பல் மருத்துவர் அனுப்பிய பக்கங்களில் ஒரு வழக்கு வந்தது. ஒரு பிரபுவும் அவர் மனைவியும் பதினோரு வருடம் குடும்பம் நடத்திய பிறகு, அவர்கள் கல்யாணமே செல்லாது என்று சபை தீர்ப்புச் சொல்கிறது. காரணம், இருவரும் நெருங்கிய உறவு. அந்தக் காலத்தில் அங்கே நாலு தலைமுறைக்குள் பொதுவான மூதாதையர் இருந்தால் மணக்கக் கூடாது. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். ஆயரிடம் விதிவிலக்கு வாங்கித்தான் அவர்கள் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பெண் கொடுக்கக் காரணமாக இருக்கும் உறவு, அந்த ஊரில் பெண்ணைத் தள்ளி வைக்கக் காரணமாக இருந்திருக்கிறது.

ஆறு சாட்சிகள் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார்கள். பிரபுவின் கொள்ளுப்பாட்டியும் அவர் மனைவியின் கொள்ளுப்பாட்டியும் கூடப்பிறந்த அக்கா தங்கை என்று. நான் அந்த அக்கா தங்கையின் அப்பாவைத் தேடிப் போனேன். அவர் மடங்களுக்கு எழுதி வைத்த சாசனங்கள் மூன்று கிடைத்தன. மூன்றிலும் பிள்ளைகள் பெயர் இருந்தது. நாலு மகன்கள், ஒரு மகள். இரண்டாவது மகள் எங்கேயும் இல்லை. அந்த ஆறு பேரின் வாயில் மட்டும்தான் அவள் இருந்தாள்.

'இப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்று சந்தேகிக்கிறேன். கல்யாணத்தை உடைப்பதற்காக உண்டாக்கியிருக்கிறார்கள்' என்று எழுதினேன்.

'இல்லாமல் இருப்பது எதற்கும் ஆதாரம் ஆகாது' என்று பல் மருத்துவர் பதில் போட்டார். ஆனாலும் அவருக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. அந்தப் பிரபு அடுத்த வருடமே நிறைய நிலம் உள்ள சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் பூசை முடிந்து, கறிக்குழம்புச் சோறு சாப்பிடும்போது, அம்மாவிடமும் தங்கச்சியிடமும் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா, "வேலை வெட்டி இல்லாதவனுங்க" என்று எழுந்து போனாள். தங்கச்சி மட்டும் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொம்பள என்ன ஆச்சு அண்ணே?"

"தெரியல. அவ சொந்த ஊருக்குப் போயிட்டா போல."

தங்கச்சிக்கு அப்போது இருபத்தாறு வயது. அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்குப் பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையன் திருச்சியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். குடிப்பழக்கம் இல்லை, அதிர்ந்து பேசமாட்டான். அப்பா இல்லாத வீடு என்பதால் அம்மா அவசரப்பட்டாள். நிச்சயதார்த்தம் முடிந்தது. பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்கள். எங்கள் பங்கிலும் அவர்கள் பங்கிலும் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது வழக்கம்.

இரண்டாவது ஓலை வாசித்த மூன்றாம் நாள் பையனின் பெரியப்பா எனக்கு போன் செய்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. முறை தப்பா வருது."

"என்னங்க சொல்றீங்க?"

"எங்க பையனோட அப்பாவுக்கு அப்பத்தாவும், உங்க அப்பாவுக்கு அப்பத்தாவும் கூடப்பொறந்த அக்கா தங்கச்சியாம். எங்களது அக்கா, உங்களது தங்கச்சி. அப்படின்னா இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறை ஆவுதே. எப்படிங்க கட்டி வைக்கறது?"

கொள்ளுப்பாட்டிகள் இருவர், அக்கா தங்கை. சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த அதே படம். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். அவர்களுக்கு இதைவிட வசதியான இடம் ஒன்று வந்திருக்கும்.

ஊரில் பேச்சு கிளம்ப ஒரு நாள்கூட ஆகவில்லை. முறை தப்பு என்று அவர்கள் சொன்னதை யாரும் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணிடம் ஏதாவது இருக்கும் என்றார்கள். பாதியில் திரும்பிய அண்ணனைப் பற்றித் தெரிந்திருக்கும் என்றார்கள். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். தங்கச்சி மட்டும் வழக்கம்போல் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

நான் பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் பங்குச் சாமியாரிடம் போனேன்.

"வாங்க பிரதர்" என்றார். குருமடத்தில் இருக்கும்போது எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். வெளியே வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

"சபைச் சட்டப்படி இது தடையே இல்ல. நாலாவது தலைமுறை. ஆனா குடும்பத்துக்காரங்களே வேணாம்னா நான் என்ன பண்ண முடியும்?"

"பழைய பதிவேட்டைப் பாக்கணும் சாமி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இரும்பு பீரோவைத் திறந்துவிட்டார். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை லத்தீனில்தான் எழுதியிருந்தார்கள். வெளிநாட்டுச் சாமியார்களின் சாய்ந்த கையெழுத்து. மை பழுப்பாகியிருந்தது. என் கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. 'ஃபிலியா', அதாவது இன்னாரின் மகள் என்று அவள் அப்பாவின் பெயர் இருந்தது. அந்த அப்பாவின் பெயரை முன்னும் பின்னும் இருபது வருடப் பக்கங்களில் தேடினேன். மூன்று மகன்கள், ஒரே மகள். வேறு பெண் பிள்ளை இல்லை.

மறுநாள் பூலாம்பாடிப் பக்கத்துப் பங்கில் போய்க் கேட்டேன். அங்கே பையனின் கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பதிவு கிடைத்தது. அவள் அப்பாவின் பெயரும் எங்கள் கொள்ளுப்பாட்டியின் அப்பா பெயரும் ஒன்றுதான். ஆனால் அதில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பத்துப் புனிதர்களின் பெயரைத்தான் எல்லோருக்கும் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஊர் வேறாக இருந்தது. சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம் என்று எழுதியிருந்தது. எனக்கு அது போதும். போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு சாட்சிகளின் முன்னால் போய் நிற்பவனைப் போல விறுவிறுவென்று நடந்தேன்.

பையனின் பெரியப்பா களத்தில் மக்காச்சோளத்தைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திகைத்துப்போய் நின்றார்.

"எங்களுக்கு எங்கங்க தெரியும் இதெல்லாம்? பையந்தான் யார்கிட்டயோ விசாரிச்சேன்னு வந்து சொன்னான். எங்க எல்லாருக்கும் உங்க பொண்ண ரொம்பப் புடிச்சிருந்துச்சு தம்பி. இவன் அம்மா இன்னும் அழுதுட்டுக் கெடக்குறா."

அவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதாகத் தெரியவில்லை. அதற்குள் பையன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான்.

"வாங்கண்ணே" என்றான். இரண்டு வாரம் முன்பு வரை மச்சான் என்று கூப்பிட்டவன். "டீ குடிச்சிட்டு வருவோம், வாங்க."

டீக்கடைக்கு நடந்தோம். கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டிவிட்டு உள்ளே போன பிறகுதான் சொன்னான்.

"அண்ணே, பெரியப்பாகிட்ட சொல்லிடாதீங்க. உங்க தங்கச்சிதான் இப்படிச் சொல்லச் சொன்னாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. "யாரு?" என்றேன்.

"அவங்கதான். போன் பண்ணி, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், வூட்ல சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்கன்னாங்க. சரி, நான் புடிக்கலைன்னு சொல்லிடறேன்னேன். அது வேணாம், உங்களுக்கும் கெட்ட பேரு, எனக்கும் கெட்ட பேரு, யார் மேலயும் குத்தமில்லாத மாதிரி ஒண்ணு சொல்லணும்னு அவங்கதான் இதச் சொல்லிக் குடுத்தாங்க."

"ஏன் வேணாமாம்?"

"அத நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்ணே."

பூலாம்பாடியிலிருந்து அரியலூர் போய்ச் சேரும் வரை பஸ்ஸில் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன். யார் அவன்? அவளோடு வேலை பார்ப்பவனா? வேறு மதமா? அவள் போன் நம்பருக்கு எப்போதெல்லாம் அழைத்து, எப்போதெல்லாம் பிஸியாக இருந்தது என்று நினைவிலிருந்து பட்டியல் போட்டேன். அம்மா என் பெட்டியை உதறியது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்து வாசலில் காத்திருந்தேன். அவள் வேலை முடிந்து வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். சிமெண்ட் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

"யாரு அது, சொல்லு."

"எது யாரு?"

"நீ யாரையோ நெனச்சுட்டுத்தானே இதப் பண்ண?"

"யாரும் இல்ல அண்ணே."

"பொய் சொல்லாத."

அவள் நின்றாள். "அம்மாகிட்ட மூணு தடவ வேணாம்னு சொன்னேன். உன்கிட்டயும் ஒரு தடவ சொன்னேன். எல்லாம் சரியாயிடும்னுட்டு நீ பெரம்பலூர் பஸ் ஏறிட்ட. அவர் நல்லவர்தான். எனக்கு இப்ப வேணாம். அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா? ஒரு காரணம் இருக்கும்ல?"

"நீ குருமடத்துலேருந்து வந்தப்ப என்ன சொன்ன? ஒத்துவரல, அவ்வளவுதான்னு சொன்ன. ஊரே நம்பல. நான் நம்பினேன். இன்னிக்கு வரைக்கும் உன்ன ஒரு கேள்வி கேட்டிருக்கேனா?"

ஒரு லாரி போகும் வரை இருவரும் ரோட்டோரத்தில் நின்றோம். பிறகு கேட்டேன், "இந்த அக்கா தங்கச்சி யோசனை எங்கேருந்து புடிச்ச?"

"நீதானே சோறு தின்னுட்டே சொன்ன. அந்தப் பிரபு கதை." அவள் லேசாகச் சிரித்தாள். "நீ போயி ரெஜிஸ்டரெல்லாம் பொரட்டுவேன்னு நான் நெனக்கல."

வீட்டுக்குப் போனபோது அம்மா கூடத்திலேயே காத்திருந்தாள். "பதிவேட்டப் பாத்தியா? என்ன இருந்துச்சு?" என்றாள். தங்கச்சி உடை மாற்றப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன். "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிதான்."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "நீ உன் கண்ணால பாத்தியா?"

"லத்தீன்ல எழுதியிருக்கும்மா. நாந்தானே படிச்சேன்."

அம்மா பெருமூச்சு விட்டு, "சரி, ஆண்டவர் காப்பாத்தினாரு, கட்டி வச்சிருந்தா பாவமாயிருக்கும்" என்று எழுந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். என் மகன் பதிவேட்டிலேயே பார்த்துவிட்டான் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அந்த வாரம் பல் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சாட்சிகள் ஆறு பேரின் பெயரையும் மறுபடி பார்த்தேன். நாலு பேர் மனைவி பக்கத்து ஆட்கள். ஒருவர் அவளுடைய சொந்த அண்ணன். பிரபு அவர்களை விலைக்கு வாங்கியிருப்பார் என்றுதான் முதலில் நாங்கள் நினைத்திருந்தோம். கல்யாணத்திலிருந்து வெளியேற நினைத்தது அவளாகவே ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தேன். அவர் பத்து நாள் கழித்துப் பதில் போட்டார். பிரபுவின் மனைவி தன் சீதன நிலத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி மணக்காமல் நெடுங்காலம் தானே அதை நிர்வகித்ததாகத் தெரிகிறது, அதைத் தண்டனை என்று எண்ணியிருந்தேன், இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார். வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டோம்.

தங்கச்சி சில மாதங்களில் திருச்சியில் பெரிய பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். திருச்சி என்றதும் எனக்குப் பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது. அந்தப் பையனும் அங்கேதானே வேலை பார்க்கிறான். ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஹாஸ்டலுக்குப் போய் நின்றேன். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, கூட இருக்கும் பெண்களோடு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததால் நான் இன்னும் கூசிப்போனேன்.

அடுத்த வருடம் அந்தப் பையனின் பெரியப்பா எங்கள் வீட்டுக்குத் தட்டோடு வந்தார். பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடியிருந்தது.

"முறைன்னு தெரிஞ்ச பொறவு விட்டுற முடியுமாங்க? அவனுக்குக் கூடப்பொறந்த பொண்ணு இல்ல. தங்கச்சி முறைக்கு உங்க பொண்ணுதான் வந்து நிக்கணும்."

அம்மாவுக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. "எதுக்கு நம்மளக் கூப்புடறாங்க?" என்று என்னைக் கேட்டாள். பிறகு புடவை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயிலில் நடந்தது. சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை அவன் மணப்பெண் கழுத்தில் வைக்க, பின்னால் நின்று என் தங்கச்சி முடிச்சுப் போட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ஊசி குத்தும்போது இருக்கும் அதே கவனத்தோடு போட்டாள். அவன் திரும்பி, "இறுக்கிப் போடும்மா" என்றான். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடியதை மறைக்க விரும்பவில்லை. எதுவும் தென்படவில்லை.

பந்தியில் என் பக்கத்தில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுத் தூரத்துச் சொந்தம். சிறுவாச்சூர்ப் பக்கம் என்றார். நான் எந்த வகையில் உறவு என்று கேட்டார். எனக்கு இப்போது அது மனப்பாடம். கொள்ளுப்பாட்டிகள் அக்கா தங்கை என்று சொன்னேன்.

"ஆமா ஆமா" என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "அந்த அம்மாவ நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன். ஒசரமா இருக்கும். தங்கச்சி ஒண்ணு அரியலூர்ப் பக்கம் இருக்குன்னு சொல்லிட்டே இருக்கும்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஐயா, அவங்க எங்க ஊர்லயே பொறக்கலையே. எங்க கோயில் பதிவேட்டுல அப்படி ஒரு பொண்ணு இல்ல."

"எப்படி இருக்கும்? மூத்த புள்ள. தாய் வூட்டுல பொறந்து, அங்கேயே ஞானஸ்நானம் குடுத்து, அங்கேயே வளந்துச்சு. தலப்பிரசவம் எங்க நடக்கும், நீங்களே சொல்லுங்க."

பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. ஏழு வருடம் குருமடத்தில் இருந்தவனுக்கு அது தோன்றாது போல. பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடமாக இந்த வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டுத் தானே பார்த்ததாக நினைத்துக்கொண்டுவிட்டாரா? கேட்பவனைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறாரா? அவர் பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது தங்கச்சியிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான். அவள் ஆச்சரியப்பட்டாளா, முன்னமே தெரிந்தே சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சிறுவாச்சூர்ப் பக்கத்துப் பங்கு பெரம்பலூரிலிருந்து அரைமணி நேரம்கூட இல்லை. அந்தக் கோயிலின் பதிவேட்டை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.